உபுண்டுவில் எந்த டெஸ்க்டாப் சூழல் இயங்குகிறது என்று அறிவது எப்படி?

சாட்ஸ்வொர்த் தமிழ்ப் பள்ளிக் கணினியில் செயலிப் பட்டை மறைந்துவிட்டது என்றும், உதவி கேட்டால் ‘எந்த டெஸ்க்டாப்?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பது நியாயமே. உபுண்டு என்பது இயங்குதளம். பட்டை, மெனு, சாளரங்கள் ஆகியவற்றைக் காட்டுவது அதன்மேல் இயங்கும் டெஸ்க்டாப் சூழல். 2004இல் க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலுடன் வெளிவந்த உபுண்டு, 2011இல் யூனிட்டி என்ற சூழலுக்கு மாறி, 2017இல் மீண்டும் க்னோமுக்கே திரும்பியது; உபுண்டுவின் மற்றொரு வடிவமான குபுண்டுவில் இருப்பதோ கேடிஇ பிளாஸ்மா என்ற சூழல். எனவே ஒன்றுக்குச் சொல்லும் தீர்வு மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

பட்டை இல்லாவிட்டாலும், க்னோமில் விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, என்டர் விசையை அழுத்தினால் அமைப்புகள் திறக்கும். அங்கே ‘சிஸ்டம்’, ‘அபௌட்’, ‘சிஸ்டம் டீட்டெய்ல்ஸ்’ என வரிசையாகச் சென்றால் (பழைய பதிப்புகளில் ‘அபௌட்’ நேராகவே இருக்கும்) உபுண்டு பதிப்பு, க்னோம் பதிப்பு, சாளரங்களைத் திரையில் காட்டும் அடிப்படை அமைப்பு வேலண்டா எக்ஸ்11ஆ என்பது ஆகிய மூன்றும் தெரியும். மூன்றையும் அப்படியே குறித்து அனுப்புங்கள். கடைசியாக உள்ளதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.