பிடித்த பிழையை எப்போது விடுவது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பைத்தான் மொழியில், ஓடும்போது வரும் பிழையைச் சமாளிக்கும் எக்ஸெப்ட் வரியில் 'எர்' என்று பெயர் கொடுத்து ஒரு பிழையைப் பிடிக்கிறேன். அந்த வரிக்குக் கீழே வரும் பிளாக்கைத் தாண்டியதும் அந்தப் பெயரே இல்லை என்கிறது. நான் வைத்த பெயரை என்னைக் கேட்காமல் அழிக்க மொழிக்கு என்ன உரிமை? ஜாவாவில் இந்தத் தொல்லை உண்டா? வேண்டாதபோது நானே அழித்துக்கொள்ள மாட்டேனா? என் புரோகிராமை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாட்டீர்கள். கோபிக்க வேண்டாம், நானும் மாட்டேன், பட்டுத் தெரிந்துகொண்டவன்.

பைத்தான் 2 காலத்தில் இரவெல்லாம் ஓடும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். மெயின் ஃபங்ஷனில் முடிவில்லாத லூப், கோப்பு வந்தால் இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கும், கோப்பு கெட்டிருந்தால் பிழையைப் பிடித்து லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். ஒழுங்காகத்தானே இருக்கிறது? காலையில் பார்த்தால் ஒரு வேலையும் இல்லாமல் சும்மா கிடக்கும் அந்தப் புரோகிராம் 600 எம்பியைப் பிடித்துவைத்திருக்கிறது. இரண்டு நாள் தேடினேன், பாவம், லைப்ரரி எழுதியவரையெல்லாம் திட்டினேன். பிழை தனியாக வருவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பிழையோடு டிரேஸ்பேக், அதாவது பிழை எந்த வழியாக வந்தது என்ற தடம், வரும், அதன் பிடியில் ஸ்டாக் பிரேம், அதாவது ஒரு ஃபங்ஷன் ஓடும்போது அதற்கென்று மொழி வைத்திருக்கும் பதிவு, பிரேமின் பிடியில் அந்த ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் அத்தனையும், அவற்றில் ஒன்று நான் பாதி படித்து நிறுத்திய ராட்சத லிஸ்ட். பிழையைப் பிடித்த ஃபங்ஷன் திரும்பும்வரை பைத்தான் 2 இதை விடாது. என் மெயின் ஃபங்ஷனோ திரும்பவே திரும்பாது, அடுத்த பிழை வந்து இதைத் தள்ளினால்தான் உண்டு!

கையால் அழிக்க அப்போது சிஸ் மாட்யூலில் எக்ஸ்க்_கிளியர் என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதை ஒரு வரி கூப்பிட்டேன், சரியாகிவிட்டது. ஆனால் எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள்? அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அந்த இரண்டாவது நாள்தான் தெரியும். 2008-இல் வந்த பைத்தான் 3 அதைத் தூக்கிவிட்டது. எக்ஸெப்ட் பிளாக் முடிந்ததும் பிழையின் விவரத்தை மொழியே விட்டுவிடுகிறது. கூடவே டிரேஸ்பேக்கைப் பிழையின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். அதனால் 'எர்' டிரேஸ்பேக்கைப் பிடித்திருக்கும், டிரேஸ்பேக் உங்கள் பிரேமை, பிரேம் மறுபடி 'எர்'ரை. வளையம். ஒன்றை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யத்துக்கே வராது, வேண்டாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் எட்டிப் பார்க்கும்வரை எல்லாம் அப்படியே கிடக்கும். அந்த வளையத்தை அறுக்கத்தான் உங்கள் பெயரை அழிக்கிறார்கள், பைத்தானின் மாற்றங்களை முன்மொழியும் ஆவணங்களில் ஒன்றான பெப் 3110-இல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஜாவா பற்றி: அங்கேயும் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்குக்கு வெளியே அந்தப் பெயர் செல்லாது, எழுதிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. முன்பே வேறு எதற்காவது 'எர்' என்று பெயர் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். எனக்கும் அது பிடிக்காது.

அது இருக்கட்டும், உங்கள் புரோகிராமைப் பார்த்தேன். வரும் பிழைகளையெல்லாம் ஒரு லிஸ்ட்டில் சேர்க்கிறீர்கள், "கடைசியில் ரிப்போர்ட் எடுக்க" என்று கமெண்ட் வேறு. இதற்கு மொழி என்ன செய்யும்? பெயரைத்தான் அது அழிக்கும், லிஸ்ட்டில் உட்கார்ந்திருக்கும் பிழையைத் தொடாது, ஒவ்வொன்றும் தன் பிரேமைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். ரிப்போர்ட்டுக்கு வேண்டியது செய்தி மட்டும்தானே? பிளாக்குக்குள்ளேயே அதை ஸ்ட்ரிங்காக மாற்றி அதைச் சேருங்கள். இன்றைக்கே மாற்றுங்கள், பெயருக்காகச் சண்டை போடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.