இருபத்தேழாம் இரவு

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு 34 வயது, பேரணாம்பட்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரமலான் கடைசிப் பத்து நாளில் பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கும் இஃதிகாஃப் இருந்தேன். ஆறு இரவு தூக்கமில்லை, களைப்பும் இல்லை. அல்லாஹ் அவ்வளவு பக்கத்தில் இருந்தான். பெருநாள் முடிந்ததும் சேமிப்பையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டேன். வீட்டார் பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பைபோலார், மனசு சில காலம் அளவுமீறி எழும்பும், சில காலம் அமுங்கிப்போகும் நோய் என்றார்கள். இப்போது அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். வேலை போனது. மச்சானின் ஜாப் ஒர்க் பட்டறையில் தோல் வெட்டுகிறேன். தொழுகையில் நின்றால் மனசு கட்டையாக இருக்கிறது. அன்றைக்கு இருந்தது ஈமானா (இறைநம்பிக்கையா), நோயா? இந்த வருஷம் நோன்பு வைக்கலாமா?

பெயர் வேண்டாம்.

தம்பி, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதில் உயிர் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வைக்காதீர்கள். லித்தியம் ஒரு உப்பு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் சாப்பாட்டு உப்பைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். ரத்தத்தில் லித்தியம் அளவு 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டியது மேலே போகும். நானும் உங்களைப்போல லித்தியம் சாப்பிடுகிறவன்தான். ஜூனில் நோன்பு வந்த 2016இல் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்தேன். நாலாம் நாள் கஞ்சிக் கிண்ணம் கையில் நிற்கவில்லை, நாக்கு குழறியது. பார்த்தால் 1.7. இப்போது ரமலான் மாசியில் வருகிறது என்று தைரியப்பட வேண்டாம், நம்ம ஊர் மாசி உங்களுக்குத் தெரியாததா? தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் புரூஃபன் வலி மாத்திரையும் அதே வேலையைச் செய்யும்.

பசியைவிட எனக்குப் பயம் தூக்கம். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து படுக்கப் பதினொன்று, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நாலு மணி. நமக்கு நோயின் ஆட்டம் பெரும்பாலும் தூக்கம் கெடுகிற அங்கேதான் ஆரம்பிக்கிறது. நோயாளி வேறு நாளில் நோற்கலாம், முடியாதவர் ஏழைக்கு உணவு கொடுக்கலாம் என்று குர்ஆனின் அல் பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ள நமக்குத்தான் கௌரவக் குறைச்சல்.

ஈமானா, நோயா? ஆறு இரவு தூங்காமல் களைக்காமல் இருந்தது நோய், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஜுரத்தில் பிதற்றுகிறவன் அம்மாவைக் கூப்பிடுகிறான் என்றால் ஜுரம் நிஜம்தான், அம்மாவும் நிஜம்தான். உங்களைப் பள்ளிக்கு அழைத்துப் போனதை நோயின் கணக்கில் நான் எழுத மாட்டேன். சேமிப்பைக் கொடுத்ததை எழுதுவேன்.

மனசு கட்டையாக இருப்பது பற்றி: முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில், அதாவது நபிமொழித் தொகுப்பில், ஹன்ழலா என்ற நபித்தோழர் வருகிறார். நபியவர்களிடம் இருக்கும்போது சொர்க்கம் கண்ணெதிரே தெரிகிறது, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்தால் எல்லாம் மறந்துபோகிறது, நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று பதறுகிறார். எப்போதும் அதே நிலையில் இருந்தால் மலக்குகள் (வானவர்கள்) உங்கள் படுக்கையிலும் தெருவிலும் வந்து கைகுலுக்குவார்கள், ஹன்ழலா, அது ஒரு நேரம், இது ஒரு நேரம் என்பது பதில். மாத்திரை ஆரம்பித்த புதிதில் இதை நான் தினமும் படித்தேன். ஆனாலும் கட்டைத்தன்மை அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவு கூடினாலும் அப்படி இருக்கும், மனச்சோர்வின் தொடக்கமாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஹதீஸால் தீர்க்கப் பார்க்காதீர்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ‘தோல் வெட்டுகிறேன்’ என்று எழுதிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இன்று வீட்டில் உட்கார்ந்து மெய்ப்பு திருத்துகிறேன், சாயந்திரம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன். முதல் இரண்டு வருஷம் பழைய மாணவர்களைப் பார்த்தால் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். லைனில் நின்று கத்துவதைவிடத் தோலைப் படிப்பது பெரிய வேலை இல்லையா? முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுபடும், உண்ணிக் கடித் தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கத்தி வைக்கிறவன் நீங்கள். முக்கியமாக, ஷிப்மென்ட் நெருக்கடிக்கு ராத்திரி இரண்டு மணி வரை யாரும் உங்களை நிறுத்துவதில்லை. மறுபடி சூப்பர்வைசர் வேலை வந்தாலும் அதை முதலில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதத்திலேயே லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுத்துவிடுங்கள், கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. டாக்டரிடம் போகும்போது வீட்டம்மாவையும் அழைத்துப் போங்கள், நம்மைவிட அவர்களுக்குத்தான் தேதிகள் சரியாக நினைவிருக்கும்.

லைலத்துல் கத்ர் என்ற மகத்தான இரவை எதிர்பார்த்துப் பலரும் விழித்திருக்கும் ரமலான் இருபத்தேழாம் இரவு, நான் இஷாவும் தராவீஹும் முடித்து வீட்டுக்கு வந்து, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். பள்ளியிலிருந்து ஓதுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். பாதியில் தூங்கிவிடுவேன்.