முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் சால்மன் மீன்களை மெஷின் எண்ணுவதை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எந்த மெஷின் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். சோனார், அதாவது ஒலியலையை அனுப்பி அதன் எதிரொலியால் படம் காட்டும் கருவியின் பதிவுகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிரிட்டன் ஆறுகளில் நெடுநாளாகப் புழங்குவது மின்தடை கவுன்டர். இங்கிலாந்தின் டோர்செட்டில் ஃப்ரோம் ஆற்றில் 1973 முதல் ஓடுகிறது. தடுப்பணையின் சரிவில், ஆற்றுக்குக் குறுக்காக மூன்று மின்முனைகளைப் பதித்துவிடுவார்கள். நன்னீரைவிட மீனின் உடம்பில் மின்சாரம் சுலபமாகப் பாயும். மீன் மேலேறினால் முதலில் கீழ் இரண்டு முனைகளுக்கு நடுவே மின்தடை குறையும், அப்புறம் மேல் இரண்டுக்கு நடுவே. இறங்கினால் இந்த வரிசை தலைகீழ். சிக்னலின் உயரத்தை வைத்து மீனின் அளவையும் ஓரளவு சொல்லிவிடலாம். கோளாறு எங்கே வருமென்றால், வெள்ளத்தில். மீன் மின்முனைக்கு வெகு மேலே நீந்திப் போய்விடும், சிக்னல் மங்கிவிடும். சால்மன் கூட்டமாக ஏறுவதோ பெரும்பாலும் தண்ணீர் பெருகும்போதுதான்!

மீன் ஏணிகளில், அதாவது அணையைத் தாண்ட மீன்களுக்காகக் கட்டிய வழிகளில், அகச்சிவப்புக் கவுன்டர் வைப்பதுண்டு. ஒளிக்கற்றைகளை மறைக்கும் உருவத்தின் நிழல்வடிவம் பதிவாகும். தண்ணீர் ரொம்பக் கலங்கினால் அதுவும் திணறும்.

கலங்கலுக்கும் இருட்டுக்கும் சோனார்தான் சரி. அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் பயன்படுத்திய டிட்சன் என்ற சோனார் கருவி, முதலில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. திரையில் மீன் ஒரு வெளிறிய கீற்றாக வரும்; வால் அசைவதும், பின்னால் நிழல் விழுவதும் தெரியும். என்ன இன மீன் என்பது மட்டும் தெரியாது. சாக்கை, பிங்க் என்ற இரண்டு சால்மன் இனங்களும் சேர்ந்து வந்தால் அளவை வைத்துப் பிரிப்பது கஷ்டம். அதனால் பக்கத்தில் சோதனை வலை போட்டு, அதில் விழும் விகிதத்தைக் கொண்டு மொத்தத்தைப் பிரிக்கிறார்கள். மணிக்குச் சில நிமிடப் பதிவை மட்டும் எண்ணிப் பெருக்கிக்கொள்வதும் வழக்கம். கேட்டால் ஏமாற்றுபோலத் தோன்றும். மீன் நிறைய வரும்போது பிழை சின்னதுதான், அரிதாக வரும்போதுதான் உதைக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் மீன்பிடியைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

இன்னொன்று. ஏறியதிலிருந்து இறங்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கக் கூடாது. அட்லாண்டிக் சால்மனில் சில, முட்டையிட்ட பிறகும் பிழைத்துக் கடலுக்குத் திரும்பும். வசந்தத்தில் இறங்குபவை போன பருவத்து மீன்கள். இந்த ஆண்டுக் கணக்கில் கழித்தால் எண்ணிக்கை வீணாகக் குறையும். பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டதும் செத்துவிடுவதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது, கவுன்டர் பதிவை வீடியோவோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்பதைத்தான்.