கேள்வி பதில்: கீபோர்டுக்குள் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா

கேள்வி: ஸ்பெயினின் அஸ்கரோத் போன்ற தொண்ணூறுகளின் சிம்ஃபோனிக் பிளாக் மெட்டல் (ஆர்க்கெஸ்ட்ரா ஒலி கலந்த அதிவேக, கரடுமுரடான மெட்டல்) குழுக்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா எங்கிருந்து கிடைத்தது? ஜாம்மிங் ஸ்டூடியோவில் நாங்கள் கீபோர்டைச் சேர்த்தால் கிட்டார் கேட்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், ஈசூன்

பதில்: எங்கிருந்தும் கிடைக்கவில்லை. கட்டலோனியாவின் அஸ்கரோத்தோ நார்வேயின் எம்பெரரோ, அன்று அநேகமாக எல்லாருக்கும் சிந்தசைசரின் ஸ்டிரிங்ஸ், கொயர் ஒலிகள்தான் ஆர்க்கெஸ்ட்ரா. நார்வேயின் இன்னொரு குழுவான டிம்மு போர்கிர், ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆப்பரா இசைக்கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டது 2001இல். அதற்குப் பெரிய லேபிளின் பணம் வேண்டும். அஸ்கரோத்தோ 2002இல் பீஸ்வில் லேபிள் வெளியிட்ட 'ரெட் ஷிஃப்ட்' ஆல்பம் வருவதற்குள் இந்தப் பாணியை விட்டே விலகிவிட்டது.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் இடது கை. கீபோர்டுக்காரர் கீழ் ஸ்தாயியில் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்தால் அது கிட்டாரும் பேஸும் இருக்கும் 200–500 ஹெர்ட்ஸில் போய் உட்காரும். இடது கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். மிக்சரில் கீபோர்டுக்கு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கீபோர்டைக் கிட்டார் ஆம்பில் செருக வேண்டாம், டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்சருக்குப் போகட்டும்.

அடுத்தது அட்டாக், அதாவது கட்டையை அழுத்தியதும் ஒலி எழ எடுக்கும் நேரம். 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 அடி) நான்கு அடி கொண்ட ஒரு பார் 1.2 விநாடிதான். ஸ்டிரிங்ஸ் ஒலி முழுதாக எழவே 0.4 விநாடி எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கீபோர்டு பின்தங்குவதாகத் தோன்றும், பழி வாசிப்பவர்மேல் விழும். அட்டாக்கை 30 மில்லிவிநாடிக்குள் வையுங்கள், ரிலீஸையும் (கையை எடுத்தபின் ஒலி அடங்கும் நேரம்) குறையுங்கள், கீபோர்டின் உள் ரிவர்பை அணைத்துவிடுங்கள். கார்டை பாருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கிட்டாரின் கரகரப்பான டிஸ்டார்ஷன் ஒலியில் கார்டின் மூன்றாம் சுரம் கலங்கும். கிட்டார் மூலச்சுரத்தையும் ஐந்தாவதையும் பிடிக்கட்டும், மைனர் மூன்றாவதைக் கீபோர்டு ஏந்தட்டும். இந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும்.

கேள்வி: அந்தக் காலத்து டெமோ கேசட்டைக் கணினிக்கு மாற்றினால் சிம்பல் மங்கலாகக் கேட்கிறது. கேசட்டே அப்படித்தானா?
– வாசகர், தோ பாயோ

பதில்: சில டெமோக்கள் அப்படித்தான். ஆனாலும் முதலில் பிளேயரைச் சந்தேகப்படுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டை, அதாவது நாடாவைப் படிக்கும் பகுதியை, துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு மோனோவில் கேட்டபடியே ஹெட் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சிம்பல் எங்கே மிகத் தெளிவாகிறதோ அங்கே நிறுத்துங்கள். டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) இல்லாமல் பதிவான கேசட்டுக்கு டால்பி போட்டாலும் இதே மங்கல்தான் வரும். 24 பிட்டில் பதியுங்கள், உச்சம் –6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

நம் சிங்கப்பூர் ஈரத்துக்குக் கேமரா வைக்கும் டிரை கேபினட் நல்லது, 40–50 விழுக்காடு ஈரப்பதத்தில். நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.