நீலகிரிப் பாதைகளுக்கு எந்த டயர், எந்தக் கியர்? – கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கத்தில் மலை சைக்கிள்களைப் பழுது பார்த்துவரும் அனுபவத்தில், டயர், செயின், கேசட் தொடர்பான கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். கேட்கும்போது மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: ரிம்மின் உள் அகலம், பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி ஃப்ரீவீலா (ஹப்பில் திருகி மாட்டுவது) கேசட்டா (ஹப்பில் செருகி மாட்டுவது) என்பது, ஓட்டுபவரின் எடை. இவற்றைச் சொல்லாமல் கேட்பது, அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வது போன்றது.

குன்னூர் வாசகர்: தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஞாயிறுதோறும் ஓட்டுகிறேன். 29 அங்குலச் சக்கரம், ரிம் உள் அகலம் 30 மி.மீ., கேசட், எடை 72 கிலோ. முன்னும் பின்னும் ஒரே டயரைப் போடும்படி கடையில் சொல்கிறார்கள். சரிதானா?

விவரங்களோடு கேட்டதற்கு நன்றி. ஒரே டயரைப் போடுவது தவறில்லை. ஆனால் காசு வீண். பின் டயர் வழுக்கினால் இடுப்பை அசைத்துச் சமாளித்துவிடலாம், முன் டயர் வழுக்கினால் சமாளிப்பதற்குள் தரையில் கிடப்போம். ஆகவே நல்ல ரப்பரும் ஆழமான ஓரப் பட்டன்களும் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள்) முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் எளிதாக உருளும் டயர் போதும், ஏனென்றால் நம் மலையில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் ஓர் ஏற்றத்தை மிதித்தாக வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கத்து மண்ணுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை செம்மண் இறுகிக் கிடக்கும். அதன்மேல் உதிர்ந்த துகள் பரவியிருக்கும். சிமென்ட் தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் நடந்து பார்த்தால் அந்த வழுக்கல் என்னவென்று புரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், அக்டோபர், நவம்பரில், அதே மண் பசைபோல ஒட்டும். இரண்டுக்கும் பொதுவாக, முன்னால் மேக்சிஸ் மினியன் டி.எச்.எஃப். 2.5 அங்குலம், பின்னால் அதே நிறுவனத்தின் ரீகான் 2.4 என்பதே என் தேர்வு. ஷ்வால்பே பிடிக்குமென்றால் முன்னால் நாபி நிக் போடலாம். ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக மாற்றிப் பாருங்கள். ட்யூப் என்றால் இரண்டிலும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஈரமான தைல மர இலைகளின்மேல் எந்த டயரும் நிற்காது. அந்த இடத்துக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள்ள வேண்டும்.

கூடலூர் வாசகர்: எனக்கும் அதே டயர்கள் பொருந்துமா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் ஊர் உங்களுடையது. உங்களுக்கு அகலத்தைவிட இடைவெளி முக்கியம். பட்டன்கள் தள்ளித் தள்ளி இருந்தால்தான் சேறு தானாக உதிரும். அகலமான டயரில் சேறு சேர்ந்தால் பின் ஃபோர்க்கில் உரசிச் சக்கரமே நின்றுவிடும் என்பதால், பின்னால் 2.3க்கு மேல் போக வேண்டாம். ரிம்மின் உள் அகலத்தை நீங்கள் எழுதவில்லை.

ஈரோடு வாசகர்: 2,000 ரூபாய்க்குள் சிறந்த டயர் எது?

ரிம்மின் உள் அகலம், எடை, ஓட்டும் பாதை?

கேத்தி வாசகர்: பழைய சைக்கிளில் முன்னால் மூன்று பல்சக்கரங்கள் (42-32-22), பின்னால் 11-34. எல்லோரும் முன்னால் ஒன்று மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள். நானும் மாற்றினால் ஏற்றத்தில் கஷ்டப்படுவேனா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இப்போது உங்களிடமுள்ள மிக இலகுவான கியர் 22க்கு 34, அதாவது 22ஐ 34ஆல் வகுத்தால் 0.65. முன்னால் 30 பல், பின்னால் 46 பல் வைத்தாலும் அதே 0.65தான் வருகிறது. எனவே ஏற்றத்தில் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள். இழப்பதெல்லாம் மேல் முனையில்தான்: 42க்கு 11 போய் 30க்கு 11 ஆகிவிடும் என்பதால், மேட்டுப்பாளையம் சமவெளிச் சாலையில் வேகமாகப் போகும்போது கால் வெறுமனே சுழலும். தோட்டப் பாதையில் அந்தக் கியரை யாரும் தொடுவதில்லை.

மாற்றுவதற்கு முன் பின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றும்போது, கருவி பொருந்தும் நடுவட்டமும் சேர்ந்து சுழன்றால் அது கேசட்; அது அசையாமல் நிற்க, பற்கள் மட்டும் சுழன்றால் திருகி மாட்டும் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் வீல் ஹப்பையே மாற்ற வேண்டும், செலவு இரட்டிப்பாகும், அந்தப் பணத்தை அடுத்த சைக்கிளுக்குச் சேர்த்துவைப்பது நல்லது.

கேசட் என்றால் அடுத்த கேள்வி, அது பொருந்தியிருக்கும் ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட்டைச் செருகும் உருளை) எது என்பது. உங்கள் காலத்துச் சைக்கிளில் ஷிமானோவின் பழைய எச்.ஜி. வகைதான் இருக்கும், அதில் சிறிய பல்சக்கரம் 11க்குக் கீழே போகாது. 10 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கு ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் அல்லது ஸ்ராமின் எக்ஸ்.டி. வகை ஃப்ரீஹப் வேண்டும். ஷிமானோவின் 12 வேக டியோர் 10-51 கேசட்டை வாங்கி வந்து, மாட்ட முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எச்.ஜி.யிலேயே பொருந்துபவை மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் 9 வேகம் 11-46, அட்வென்ட் எக்ஸ் 10 வேகம் 11-48, ஷிமானோ டியோர் 11 வேகம் 11-51. உங்களுக்கு முதலாவதே போதும். செயின் தடிமனாக இருப்பதால் செம்மண்ணில் நெடுநாள் உழைக்கும். ஷிஃப்டரையும் (கியர் மாற்றும் விசை) டீரெய்லரையும் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி) ஒரே குடும்பத்திலிருந்து வாங்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிளின் நீளம் வேறு.

முன்னால், நான்கு போல்ட் போட்ட 104 மி.மீ. (போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, என்றால் 30 பல் வளையம் கிடைக்கும். வளையங்கள் ரிவெட் அடிக்கப்பட்டிருந்தால் கிராங்கையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஃப்ரேமுக்கு உரிய டீரெய்லர் ஹாங்கர் (டீரெய்லரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ரேமின் ஹாங்கர் இன்னொன்றுக்குப் பொருந்துவது அரிது. அது ஒடியும் இடம் எப்போதும் வீட்டிலிருந்து வெகு தூரத்தில்தான் இருக்கும்.

குன்னூர், மற்றொரு வாசகர்: புதுச் செயின் போட்டேன். மூன்றாவது கியரில் மட்டும் மிதிக்கும்போது தாவுகிறது. செயின் போலியோ?

செயின் மேல் பழி போட வேண்டாம். நீங்கள் அதிகம் ஓட்டும் கியர் மூன்றாவது. பழைய செயின் நீண்டபோது அந்தப் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்துவிட்டன. புதுச் செயினின் கண்ணிகள் அந்தத் தேய்ந்த பள்ளத்தில் உட்காராமல் ஏறித் தாவுகின்றன. கேசட்டை மாற்றுவது தவிர வழியில்லை.

அடுத்த முறை இது நேராமலிருக்க, மாதம் ஒருமுறை ஓர் எஃகு ஸ்கேலை எடுத்துச் செயினின் ஒரு பின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். 11, 12 வேகச் செயின் என்றால் அன்றே மாற்ற வேண்டும், 8 முதல் 10 வேகம் என்றால் இன்னும் சிறிது நாள் ஓட்டலாம்.

மேட்டுப்பாளையம் வாசகர்: காரில் சைக்கிளை ஊட்டிக்கு ஏற்றிச் செல்லும்போது, உயரம் கூடுவதால் டயர் காற்றை முன்கூட்டியே குறைக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு குறைப்பது?

குறைக்க வேண்டாம்.

கோவை, இயற்பியல் ஆசிரியர்: ஐயா, இந்தப் பதிலை ஏற்க முடியவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைவு. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் 25 வைத்தால் 28 காட்டியாக வேண்டும்.

ஐயா, நீங்கள் சொன்னதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது, மறுபாதி வெப்பநிலை. மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரி, ஊட்டியில் 16 டிகிரி என்றால், உள்ளேயிருக்கும் காற்றின் முழு அழுத்தம் ஏறக்குறைய 39 பி.எஸ்.ஐ.யிலிருந்து 37க்கு இறங்குகிறது. உயரத்தால் ஏறுவது 3, குளிரால் இறங்குவது 2. மிச்சம் ஒன்று. டிஜிட்டல் கேஜில் நானும் அளந்தேன்: கீழே 25, மேலே, சைக்கிளை அரை மணி நேரம் நிழலில் நிறுத்திய பின், 26.

கோவை, இயற்பியல் ஆசிரியர்: கோடைப் பகலில் ஊட்டியில் 25 டிகிரி இருந்தால்?

அப்போது குளிரால் இறங்குவது ஒன்றுதான், மிச்சம் இரண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக மேட்டுப்பாளையத்திலேயே காற்றை விடுவது ஏன்? மேலே போய் அளந்து விடலாமே.

திருப்பூர் வாசகர்: விமானத்தில் ஏற்றும்போது டயர் வெடிக்கும் என்று காற்றை விடச் சொல்கிறார்களே?

வெளியே காற்றே இல்லையென்றாலும் கேஜில் கூடுவது 15 பி.எஸ்.ஐ.க்குள்தான், 25 வைத்த டயர் 40 ஆகும். அந்த டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைப் பாருங்கள். விமான நிறுவனம் விடச் சொன்னால் விடுங்கள், அது அவர்கள் விதி.

மேட்டுப்பாளையம் வாசகர்: என் டயர் ஊட்டியில் கல்லாக இருந்ததே?

கார் கூரையில் வெயில் காய்ந்த டயரை இறக்கியவுடன் விரலால் அழுத்தியிருப்பீர்கள். விரலை நம்பாமல் ஒரு கேஜ் வாங்குங்கள். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், ஆசிரியர் ஐயா மன்னிக்கவும். செயினுக்கும் கேசட்டுக்கும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மசினகுடி வாசகர்: முள்ளால் வாரம் இரண்டு பஞ்சர்.

ட்யூப்லெஸ், ஒரு சக்கரத்துக்கு 100 மி.லி. சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்). உங்கள் பக்கத்து வெப்பத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்; காய்ந்து பாலாடை போலச் சுருண்டிருந்தால் புதிதாக ஊற்றுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் சைக்கிளை விடாதீர்கள், யானைக்கு எந்த டயரும் தாங்காது.

கொடைக்கானல் வாசகர்: முன் சஸ்பென்ஷனில் எண்ணெய் கசிகிறது. என்ன செய்வது?

அது என் துறை அல்ல. சஸ்பென்ஷன் மட்டும் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

சேலம் வாசகர்: ஏற்காட்டுக்கு எந்த டயர் சிறந்தது?

முதல் பத்தியைப் படியுங்கள்.

கோத்தகிரி வாசகர்: எந்தக் கேசட் சிறந்தது?

உங்கள் ஃப்ரீஹப்பில் மாட்டக்கூடியது. ஹாங்கர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊட்டி வாசகர்: அண்ணா, நீங்கள் சொன்னபடி ரிம்மின் ஸ்டிக்கரைப் பார்த்தேன், 622x19 என்று இருக்கிறது. நேற்றுதான் 2.4 டயர் இரண்டு வாங்கினேன்.

இன்னும் மாட்டவில்லையென்றால் இன்றே கொண்டுபோய் 2.2க்கு மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. 19 மி.மீ. ரிம்மில் 2.4 டயர் பல்ப் போல உப்பி நிற்கும், வளைவில் சாயும்போது பக்கவாட்டில் மடங்கும். கடைக்காரர் மறுத்தால் முன்னால் மட்டும் ஒன்றை மாட்டி, காற்றை 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்காமல் ஓட்டுங்கள். மற்றொன்றைப் பிரிக்காமல் வைத்திருங்கள், 30 மி.மீ. ரிம் வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வார்.