ஃபண்டி விரிகுடா: நிலாவோடு தூரியையும் சொல்லுங்க

ராமேஸ்வரத்தில் ஒரு மீட்டர்கூட ஏறாத கடல், கனடாவின் ஃபண்டி விரிகுடாவின் உள்கோடியில் மட்டும் ஏன் 16 மீட்டர் வரை ஏறுகிறது என்று ஐந்தாவது படிக்கும் பொண்ணு கேட்டதாக எழுதியிருந்தீங்க. நல்ல கேள்விங்க. நிலாவை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான்.

கோபியில் ஆடிப்பெருக்குக்குத் தூரி (ஊஞ்சல்) ஆடியிருப்பாளே, அதை வைத்தே சொல்லுங்க. தூரி திரும்பி வரும் நேரம் பார்த்து லேசாகத் தள்ளினாலே உயரம் ஏறிக்கொண்டே போகும். ஃபண்டியிலும் அதன் வாசலில் இருக்கும் மெய்ன் வளைகுடாவிலும் சேர்த்துத் தண்ணீர் ஒருமுறை ஆடி முடிக்க ஏறத்தாழ 13 மணி நேரம். வெளிக்கடல் ஓதம் (நிலாவால் வரும் கடல் ஏற்ற இறக்கம்) தள்ளுவதோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதா, அதனால் தூரி மாதிரியே தண்ணீரின் ஏற்றமும் கூடுகிறது. அதுபோக, உள்ளே போகப் போக அகலமும் ஆழமும் குறைவதால் தண்ணீர் இன்னும் மேலே ஏறுகிறது.

அப்புறம் அதே விரிகுடாவில் இருக்கும் ஹோப்வெல் பாறைகளின் படம் காட்டுங்க. தண்ணீர் வடிந்ததும் பாசி தொங்கும் பாறைகளுக்கு நடுவே, கடலின் தரையில் சனங்கள் நடக்கிறார்கள். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் படகு ஓட்டுகிறார்கள்.

பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை மாடல் வேண்டாங்க. நீளமான தட்டில் தண்ணீர் ஊற்றித் தாளத்துக்கு ஆட்டட்டும். தரை நனையும், பரவாயில்லை.