சுவரை இடிப்பதற்கு முன் ஒரு குளிர்காலம்

தம்பி, வெளிநாட்டில் பழைய வீடொன்றை வாங்கி மூன்று மாதமாகிறது, சமையலறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்த்துவிடலாமா, வேலை முடியும்வரை உள்ளேயே குடியிருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியிருக்கலாம். ஓர் அறையை மட்டுமாவது முதலில் முடித்து, தூசி அண்டாமல் காத்துக்கொள்ளுங்கள். சுவரை மட்டும் இப்போது தொடாதீர்கள். ஒரு குளிர்காலத்தை அந்த வீட்டில் கழித்த பிறகு முடிவெடுங்கள்.

நான் பொறுத்திருக்கவில்லை. குடிபோன கோடையிலேயே புது வர்ணம் பூசினேன், ஜன்னல் இடுக்குகளை அடைத்தேன், பார்வைக்கு நன்றாக இல்லையென்று சுவரில் இருந்த காற்றுத் துளைகளையும் மூடினேன். குளிர் தொடங்கிய இரண்டாம் மாதம் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. கூரை ஒழுகுகிறது என்றே நினைத்தேன். ஒழுக்கு எதுவும் இல்லை. நாங்கள் சமைத்ததும் குளித்ததும் துணி உலர்த்தியதும்தான் அந்த ஈரம். வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிந்திருந்தது. அறையில் 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுவரின் மேற்பரப்பு 12 டிகிரிக்குக் கீழே போனதும் நீர் கோக்கத் தொடங்கிவிடும். கதவும் ஜன்னலும் நாள் முழுதும் திறந்து கிடக்கும் வீடுகளில் வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி வையுங்கள். எந்தச் சுவர் குளிர்கிறது, எந்த மூலை நனைகிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகு, இடிக்க நினைத்த சுவரே வேண்டியதாகத் தோன்றலாம்.

அப்படியும் இடிப்பதென்றால், அது பாரம் தாங்கும் சுவரா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதித் தரட்டும். உள்ளாட்சி அனுமதி தேவையா என்பதையும், வேலை நடக்கும்போது உங்கள் காப்பீடு செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பழைய வீடென்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பயம் உண்டு. அதற்கு முழுத் தடை பிரிட்டனில் 1999இல் வந்தது, ஆஸ்திரேலியாவில் 2003இன் கடைசி நாளில், கனடாவில் 2018இல். ஆகவே பக்கத்து நாட்டுக் கணக்கை வைத்து உங்கள் வீட்டை நம்பாதீர்கள். தரை ஓடுகளையோ கூரைப் பூச்சையோ பெயர்ப்பதற்கு முன் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த துளையிடும் கருவியைச் செருகுமுன் மின்னழுத்தம் பாருங்கள். சில நாடுகளில் 100 முதல் 127 வோல்ட், பல நாடுகளில் 220 முதல் 240. செருகியின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் அழுத்தத்தை மாற்றாது.

ஒப்பந்ததாரர் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கியவர் ஏழு வாரம் வரவேயில்லை. மொழி சரியாக வராததால் சண்டை போடவும் தயங்கினேன். வேலைப் பட்டியல், முடிக்கும் தேதி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணையை, எல்லாக் குறைகளும் தீர்ந்த பிறகே கொடுங்கள். புரியாத வார்த்தை வந்தால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே என்று தேடுங்கள். எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வீட்டின் முந்தைய இரண்டு குடும்பங்களையும் அவருக்குத் தெரியும். குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்த ஆண்டு கூரை மாற்றினார்கள் என்றெல்லாம் சொன்னார். அந்த ஊரில் என் பெயரைச் சரியாக உச்சரித்த முதல் மனிதரும் அவர்தான். உங்கள் பக்கத்து வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டுங்கள், தம்பி.